வினாடி இல்லாத கடிகாரம்

வடசேரி,
16 பிப்ரவரி 2010

அண்ணனுக்கு,

மீன்துறை ஆபீஸில் மூன்று நாள் நின்று இந்த முகவரியை வாங்கினேன். அந்தத் தீவுச் சிறையில் வெளிநாட்டுக் கைதிகளுக்குத் தொலைபேசி கிடையாதாம். கடிதம் போடலாம், ஆனால் தமிழ் தெரிந்த ஒரு வாத்தியார் மாதத்தின் முதல் புதன்கிழமை வந்து படித்துப் பார்த்த பிறகுதான் கைதி கைக்கு வரும் என்றார்கள். ஆகவே வாத்தியாருக்கும் வணக்கம்.

யோவான் அண்ணனின் உடல் வெள்ளிக்கிழமை வந்தது. சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. வள்ளவிளைக் கோயில் கொள்ளாத கூட்டம். அடக்கம் முடிந்து திரும்பும்போது ரீத்தா மயினி அம்மாவை நிறுத்தினாள். "ஒம்ம மவன் ஒறங்கினான், எம் மாப்ள ஒரேயடியா ஒறங்கிட்டாரு" என்றாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் பேசவில்லை.

ஊரில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். படகை ஓட்டுகிற ஸ்ராங்கு தூங்கிவிட்டான், படகு எல்லைக் கோட்டைத் தாண்டி அந்நியத் தீவின் பாறைப் பாரில் போய் மோதியது, ஒரு ஆள் செத்தான், ஏழு பேர் ஜெயிலில். இருபது வருஷம் கடலில் கிடந்தவன் நீ. பக்கத்தில் கோடு இருப்பது தெரிந்தும் எப்படி அசந்தாய்? உன் முன்னால் நான் செய்த வழிகாட்டிப் பெட்டி இருந்தது. வரைபடமும், கோடும், படகு நிற்கிற இடத்தில் சிவப்பு முக்கோணமும் கண்ணெதிரே இருந்தன. பெட்டி தப்பாகக் காட்டியிருக்க வழியில்லை. நாற்பது படகுகளில் ஓடுகிறது, ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. நேராகவே கேட்கிறேன். அண்ணா, நீ தூங்கினாயா?

பிரிஜா

*

3 மார்ச் 2010

பிரிஜாவுக்கு, தாசன் எழுதுவது.

உன் கடிதம் இன்றைக்குத்தான் கையில் கிடைத்தது. வாத்தியார் மாலை வரை இங்கே இருப்பார், அதற்குள் பதில் எழுதிக் கொடுத்தால் அவரே படித்துத் தபாலில் சேர்ப்பார். ஒரு ஆளுக்கு ஒரு தாள். என் கையெழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியும், பொறுத்துக்கொள்.

நீ நேரே கேட்டாய், நல்லது. என்னோடு இருக்கிற ஆறு பேரும் கேட்பதில்லை. முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறார்கள். சோறும் சூரை மீனும் தருகிறார்கள், யாரும் அடிக்கவில்லை. இதை அம்மாவிடம் சொல்.

நடந்தது இது. அன்று சாயங்காலம் தூண்டில்களைக் கடலில் விட்டுவிட்டு இன்ஜினை அணைத்தோம். விடியும்வரை படகு சும்மா மிதந்து கிடக்க வேண்டும், அதுதான் வழக்கம். செபமாலை சொன்னோம். முடிந்ததும் உன் பெட்டியைப் பார்த்தேன். கோடு இருபது மைலுக்கு அப்பால் இருந்தது. பெட்டியின் மூலையில் மணி 7.16. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தார்கள். காவல் எனக்கு.

கட்டன்சாயா போட்டுக் குடித்தேன். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தேன், முக்கோணம் அதே இடத்தில் நின்றது. யோவான் அப்போது எழுந்து வந்தான். "நீவாடு செத்துக் கெடக்கு மக்கா, ஒரு சாண்கூட இழுக்கல்ல" என்றேன். நீரோட்டம் இல்லாத கடல் யாருக்குத்தான் பிடிக்காது. அவன் சிரித்தான். "ஸ்ராங்கு முழிச்சிருக்கும்போ நமக்கென்ன, நான் சாயட்டு" என்று முன்பக்கம் போய்ப் படுத்தான். அவன் படுத்த இடம்தான் பாரில் முதலில் இடித்தது.

இப்போது நான் யோசித்துப் பார்ப்பது என்னவென்றால், முதல் தடவை பார்த்தபோதும் மணி 7.16. யோவானோடு பேசியபோதும் 7.16. அப்புறம் ஒரு தடவை பார்த்தேன், அப்போதும் அதே 7.16. இது எப்படி நடக்கும்? கனவில்தான் நடக்கும். அப்படியென்றால் நான் சாயா குடித்ததும் பார்த்ததும் கனவு. யோவான் சிரித்ததுகூடக் கனவாக இருக்கலாம். நான் தூங்கியிருக்கிறேன் பிரிஜா. எனக்கே தெரியாமல் தூங்கியிருக்கிறேன்.

படகு இடித்ததும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டேன். உடனே சரியான இடத்தைக் காட்டிவிட்டது, கோட்டுக்குள் வெகுதூரம் வந்திருந்தோம். மணி 4.10 என்றிருந்தது. உன் பெட்டி நல்ல பெட்டிதான். அதைப்பற்றி நீ கவலைப்படாதே.

தாசன்

*

வடசேரி,
20 மார்ச் 2010

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், சூரை மீன் வரைக்கும். மற்றதை வாசிக்கவில்லை.

முந்திய கடிதத்தில் நான் எழுதிய முறை சரியில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நீ கிண்டல் செய்வாய்.

சில விவரங்கள் வேண்டும். பகவதியப்பன் சாரை உனக்குத் தெரியுமே, உன் வயர்லெஸ் செட்டைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே முதலாளி ஆனவர். நம் பெட்டி இருந்த படகு மோதியதால் ஏதோ படிவம் நிரப்ப வேண்டுமென்கிறார். அதற்காகக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

மணி 7.16 என்று மூன்று தடவை பார்த்தது நிச்சயமா? 7.10, 7.46 என்று எதுவும் இல்லையா? செபமாலை தொடங்கும்போது பார்த்த மணி நினைவிருக்கிறதா? 7.16-க்குச் சற்று முன்பு பெட்டியை யாராவது தொட்டார்களா? எந்தப் பொத்தானைத் தொட்டார்கள், எத்தனை தடவை? பெட்டி அப்போது சத்தம் போட்டுக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா?

எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும் எழுது. தாளின் மிச்சத்தை இதற்கே வைத்துக்கொள்.

பிரிஜா

*

7 ஏப்ரல் 2010

பிரிஜாவுக்கு,

ஏட்டி, நீ எஞ்சினியர்தானா, இல்லை போலீசில் சேர்ந்துவிட்டாயா? இங்கே பிடித்துக்கொண்டு வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. வாத்தியார் படித்துவிட்டு, "தங்கை ரொம்பக் கறார்" என்று சிரித்தார். நான் ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

படிவத்துக்கு எழுதிக்கொள். மணி 7.16, சத்தியம். செபமாலை தொடங்கியது ஏழுக்குச் சற்று முன்பு. பெட்டியைத் தொட்டது நான்தான். வேறெதற்கு, கிளியின் வாயை மூடத்தான்.

உன் பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை கீச்சென்று கத்துமே, அதைத்தான் படகுகளில் கிளி என்கிறார்கள். செபம் சொல்லும்போது அது கத்தினால் யோவானுக்கு ஆகாது. "மாதாவுக்க பேரச் சொல்லும்போ இது எதுக்குக் கெடந்து கீறுது" என்பான். ஆனால் நீ வைத்த பொத்தானை அமுக்கினால் நாலைந்து நிமிஷம்தானே வாய் மூடும்? செபமாலையில் ஒரு பத்துமணியை உருட்டிச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி தொடங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தேவ இரகசியமும் தொடங்கும்போது ஒரு அமுக்கு. ஐந்து இரகசியத்துக்கு ஐந்து அமுக்கு. நம் படகு மட்டுமல்ல, எல்லாப் படகிலும் இப்படித்தான். செபம் முடிந்தபிறகு அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. படகு இடிக்கும்வரை கத்தியது. அதனால் பெட்டி உயிரோடுதான் இருந்தது, போதுமா?

இப்போது என் விஷயம். ஜூன் 24 வழக்கு. அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒரு வழி சொல்கிறார். காவலில் தூங்கிவிட்டேன், என் அசட்டையால் படகு கோட்டைத் தாண்டியது, ஆள் செத்தது என்று நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மற்ற ஆறு பேரையும் உடனே ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். எனக்கு மூன்று வருஷம் வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாரணை முடியும்வரை ஏழு பேரும் இங்கேதான்.

தூங்கியது உண்மைதானே. கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறேன். போடுவதற்கு முன்னால் ரீத்தாவுக்கு என் கையால் எழுதிவிட வேண்டும், வக்கீல் வாயால் அவள் அறியக்கூடாது.

தாசன்

*

வடசேரி,
22 ஏப்ரல் 2010

அண்ணா,

கையெழுத்துப் போடாதே. ரீத்தா மயினிக்கும் எழுதாதே. கொஞ்சம் பொறு. காரணத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அம்மா நலம். வக்கீலின் பெயரும் முகவரியும் அனுப்பு.

பிரிஜா

*

5 மே 2010

பிரிஜாவுக்கு,

இதற்கு இருபத்தெட்டு நாள் காத்திருந்தேன் என்று நினைத்தால் எரிச்சல் வருகிறது. அஞ்சல் அட்டையில்கூட இதைவிட அதிகம் எழுதலாம். பொறு, பொறு, எதற்குப் பொறுக்க வேண்டும்?

ஆறு பேரில் ஒருவருக்குக் காலில் புண் ஆறாமல் கிடக்கிறது. இன்னொருவரின் மகளுக்கு மே மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். என் ஒரு கையெழுத்துக்காக ஆறு வீடு காத்துக் கிடக்கிறது. நீயோ காரணம் சொல்ல மாட்டேன், ஆனால் போடாதே என்கிறாய். ஊரில் மானம் போகுமென்று பார்க்கிறாயா? தூங்கியவனின் தங்கை என்று சொல்வார்களே என்றா?

இங்கே ஒவ்வொரு நாளும் நான் அந்த நேரத்தைத் திரும்ப நினைக்கிறேன். எங்கே கண் மூடினேன்? சாயாவுக்கு முன்பா, பின்பா? பிடி கிடைக்கவில்லை. தூங்கிய ஞாபகம் இல்லாமலே தூங்கியவன் என்று என்னை நானே ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதையும் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி என்னைக் குழப்பாதே.

வக்கீல் வழக்கு நாளில் மட்டும்தான் வருவார். முகவரி தர மாட்டார்களாம். காரணம் இருந்தால் எனக்கு எழுது, ஜூன் 2 வாத்தியார் வரும்போது கிடைக்கும்படி எழுது. அதற்குப் பிறகு வந்தால் பிரயோஜனம் இல்லை. அன்றைக்கு எதுவும் வராவிட்டால் ரீத்தாவுக்கு எழுதிவிடுவேன்.

தாசன்

*

வடசேரி,
31 மே 2010

அண்ணா,

நீ தூங்கவில்லை.

இதை முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்று பலமுறை தாளை எடுத்து மடித்து வைத்திருக்கிறேன். நீ சாயா குடித்தது நிஜம். யோவான் அண்ணன் எழுந்து வந்ததும் சிரித்ததும் நிஜம். மூன்று தடவை 7.16 பார்த்ததும் நிஜம். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. நின்றுபோன படத்தைப் பார்த்தது, அவ்வளவுதான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முயல்கிறேன். பெட்டியின் திரை வினாடிக்கு அறுபது முறை படத்தை வரைகிறது. ஒருமுறை வரைந்து முடித்ததும் உள்ளே ஒரு மணி அடிக்கும், "முடிந்தது, அடுத்ததைக் கொடு" என்று. எங்கள் பேச்சில் அதற்கு இன்டரப்ட் என்று பெயர். மணி கேட்டதும் நான் எழுதிய டிரைவர், அதாவது திரையை நடத்துகிற நிரல், புதுப் படத்தைக் கொடுத்து "கேட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை திரை மறுபடி மணியடிக்காது, பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

கிளியின் வாயை மூடும் பொத்தானையும் அதே கம்பியில்தான் இணைத்தோம். பொத்தானை அமுக்கினாலும் மணி அடிக்கும். யார் யார் அடித்தார்கள் என்று ஒரு பலகையில் குறி விழும். பொத்தானின் வேலை முடிந்ததும் நான் அந்தக் குறியை மட்டும் அழித்திருக்க வேண்டும். நான் பலகை முழுவதையும் ஒரே துடைப்பாகத் துடைத்தேன். ஒரு வரி மிச்சம் என்று நினைத்தேன். துடைக்கிற அந்தக் கண்ணிமைப்பில் திரை மணியடித்திருந்தால் அதன் குறியும் அழிந்துபோகும். பிறகு திரை என் பதிலுக்காகக் காத்திருக்கும், என் நிரல் திரையின் மணிக்காகக் காத்திருக்கும். இரண்டும் அப்படியே கிடக்கும், யாராவது அணைத்துப் போடும்வரை. கிளிக்கு வேறு மணி, அதனால் அது கத்திக்கொண்டிருக்கும்.

ஆயிரக்கணக்கான அமுக்கில் ஒருமுறைதான் இப்படி ஆகும். ஆபீஸில் சோதித்தபோது நாள் ஒன்றுக்கு இரண்டு முறை அமுக்கியிருப்போம். நாற்பது படகு, தினமும் ஐந்து அமுக்கு என்று யாரும் கணக்குப் போடவில்லை. என்னோடு வேலை செய்கிற அருமனைக்காரரும் சுசீந்திரத்துக்காரரும் போடாததில் ஆச்சரியமில்லை. செபமாலையில் ஐந்து இரகசியம் உண்டென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் நம் வீட்டில் பிறந்தவள். ஒரு பத்துமணி சொல்ல எவ்வளவு நேரமாகுமென்று தெரிந்தவள். நான்தான் வாய் மூடும் நேரத்தை நாலு நிமிஷம் என்று வைத்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. முதலில் செய்த பெட்டியில் கடிகாரம் வினாடியும் காட்டியது. அந்த வினாடி எண் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது, மேல்பாதி பழைய எண்ணும் கீழ்ப்பாதி புதிய எண்ணுமாக. திரை வரைந்துகொண்டிருக்கும்போதே நான் எண்ணை மாற்றியதால் வந்த வினை, நேரம் பொருந்தாத கோளாறு. இரண்டு வாரம் முட்டிப் பார்த்தேன். கோட்டாறு திருவிழாவுக்கு ஊருக்கு வரும் படகுக்காரர்களிடம் பெட்டியைக் கொடுப்பதாக முதலாளி சொல்லிவிட்டார், பத்து நாள்கூட மிச்சமில்லை. நான் வினாடியையே எடுத்துவிட்டேன். மணியும் நிமிஷமும் போதும் என்று விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பகவதியப்பன் சார் பார்த்துவிட்டு, "இப்ப துப்புரவா இருக்கு கேட்டியா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வினாடி ஓடிக்கொண்டிருந்தால் அது நின்றதை நீ முதல் பார்வையிலேயே கண்டிருப்பாய். அணைத்துப் போட்டிருப்பாய். யோவான் அண்ணன் இருந்திருப்பார்.

உன் இரண்டாவது கடிதம் வந்த பிறகு, பொத்தானைத் தானே அமுக்குகிற மாதிரி ஒரு சிறு நிரல் எழுதி மேசையில் ஓடவிட்டேன். ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை, மூவாயிரத்துச் சொச்சமாவது அமுக்கில் படம் நின்றது. கிளி கத்திக்கொண்டே இருந்தது. பெட்டியில் மணி 3.42. என் கைக்கடிகாரம் நாலைத் தாண்டிய பிறகும் நான் அந்த 3.42-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அன்றைக்கே எழுதவில்லை என்று கேட்பாய். வேலை போகும், பெயர் கெடும், பகவதியப்பன் சாரின் கடை மூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. நீ தூங்கினாய் என்று ஊரும் நம்பியது, நீயும் நம்பினாய். எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கண்டுபிடித்த மறுநாளே துறைமுக வயர்லெஸ்ஸில் எல்லாப் படகுக்கும் சொல்லச் சொன்னேன், செபமாலை முடிந்ததும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று. காரணம் சொல்லவில்லை. நேற்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போடாதே அண்ணா. இந்தக் கடிதத்தை வக்கீலிடம் காட்டு.

பிரிஜா

*

7 ஜூலை 2010

பிரிஜாவுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. ஜூன் 2 வாத்தியார் வந்தபோது உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அன்றே ரீத்தாவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஜூன் 24 கையெழுத்துப் போட்டேன். மூன்று வருஷம். ஆறு பேரும் இதற்குள் ஊர் வந்திருப்பார்கள்.

வாத்தியார் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தந்தார். இரண்டு தாள் எழுதிக்கொள் என்று இன்னொரு தாளையும் தந்தார். எனக்கு ஒன்றே போதும்.

இன்டரப்ட் எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் தேதி எனக்குப் புரியும். நீ கண்டுபிடித்தது ஏப்ரல் 20. கடிதத்தின் மேல் போட்டிருப்பது மே 31. நாற்பத்தொரு நாள். ஏப்ரல் 22 நீ எழுதியது மே 5 என் கைக்கு வந்தது. அதில் அம்மா நலம் என்று எழுத இடம் இருந்தது. நீ தூங்கவில்லை என்று எழுத இடம் இல்லை.

தெரிந்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆறு பேர் வீடு போக வேண்டுமே. ஆனால் பொய் சொல்லுகிறேன் என்று தெரிந்து போட்டிருப்பேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே இருந்திருப்பேன். நான் உண்மை என்று நம்பிப் போட்டேன். நீதிபதி கேட்டார், தூங்கினாயா என்று. ஆமாம் என்றேன். அழுதுகொண்டே சொன்னேன் பிரிஜா, எல்லார் முன்னாலும்.

ஐந்து மாதமாக, தூங்கினாய் தூங்கினாய் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி இப்போது படுத்தால் கண் மூடப் பயமாக இருக்கிறது.

ரீத்தாவுக்கு எழுதியதை இனி என்ன செய்வது? "நான் ஒறங்கிட்டேன், ஒனக்க மாப்ளைய நான்தான் கொன்னேன்" என்று எழுதினேன். நாம் பேசுகிற மாதிரியே எழுதினேன், அவளுக்குச் சுற்றி வளைத்துச் சொல்லக்கூடாது என்று. யோவான் நான் முழித்திருக்கிறேன் என்று நம்பித்தான் படுத்தான். அவன் நம்பியது சரிதான் என்று நீ எழுதியதைப் படித்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

படகுக்காரர்களிடம் காரணம் சொல்லாமல் அணைத்துப் போடச் சொன்னாயே, அதுவும் வினாடியை எடுத்த மாதிரிதான்.

ரீத்தாவிடம் போ. கடிதம் போடாதே, நேரில் போ. அதற்கு முன் எனக்கு எழுதாதே.

தாசன்

*

வள்ளவிளை,
30 ஜூலை 2010

அண்ணா,

போனேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் ஜூலை 17 வந்தது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரீத்தா மயினி வீட்டுக்குப் போனேன். நாற்பத்தொரு நாள் சொல்லாமல் இருந்தவளுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போட உரிமையில்லை. மயினி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பொத்தான், 7.16, வினாடி, நாற்பத்தொரு நாள். உன் கடிதத்தையும் வாசித்தேன்.

நீ முழித்திருந்தாய் என்று சொன்னபோது கை நின்றது. "அப்போ அவரு சிரிச்சது உள்ளதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிறகு சொன்னாள்: "ஒனக்க அண்ணன் எழுதுன கடிதாசிய நான் சுக்குச் சுக்காட்டு கிழிச்சுக் கடல்ல போட்டேன் கேட்டியா. அன்னைக்குத்தான் கொஞ்சம் ஆறிச்சு. இப்போ நீ வந்து வாயால சொல்லிட்டுப் போற. இத நான் எங்க கொண்டுபோய்க் கிழிக்கது?"

போகட்டுமா என்று கேட்டேன். "அம்மைட்ட சொல்லு, அன்னைக்குப் பேசினத நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு" என்றாள். என்னைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாசல்வரை வரவும் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேசினாள். ஐந்து மாதம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை, "அவன் ஒறங்கல்லியா?" என்பது. இரண்டாவது வார்த்தைக்காக நான் காத்திருக்கிறேன், இதுவரை என்னிடம் வரவில்லை.

மீன்பிடித் தடை இருந்ததால் படகெல்லாம் கரையில் கிடந்தன. ஒவ்வொன்றாக ஏறி முப்பத்தொன்பது பெட்டியையும் கழற்றினேன். ஏன் கழற்றுகிறேன் என்று ஒவ்வொரு படகிலும் சொன்னேன். சிலர் திட்டினார்கள். கொல்லங்கோட்டுக்காரர் ஒருவர் பெட்டியை என் காலடியில் எறிந்தார். சிலுவைதாசன் மாமா படகில் மே மாதம் ஒரு தடவை படம் நின்றிருக்கிறது. வயர்லெஸ்ஸில் சொன்னபடி செபமாலை முடிந்து அணைத்துப் போட்டதால் தப்பினார்கள். அவருக்கே அது தெரியாது, பெட்டி தன்னுள் எழுதிவைக்கும் அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது.

கோளாறைச் சரி செய்ய ஒரு நாள் ஆயிற்று. பொத்தானின் குறியை மட்டும் அழிக்க ஒரு வரி. மணி வராவிட்டாலும் கொஞ்ச நேரத்துக்கு மேல் காத்திருக்காமல் தானே போய்த் திரையைக் கேட்க நாலு வரி. வினாடி துடித்ததற்கு, திரை வரைந்து முடித்த பிறகே எண்ணை மாற்றும்படி வரிசையைத் திருப்பினேன். இரண்டு வாரம் முட்டியும் வராதது அரை நாளில் வந்துவிட்டது. அன்றைக்கு இன்னும் அரை நாள் முட்டியிருக்கலாம். இப்போது வினாடி ஓடுகிறது, துடிக்காமல். ஐந்து லட்சம் முறை அமுக்க விட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆனால் பதினோரு படகுக்காரர்கள் பெட்டியே வேண்டாம் என்றுவிட்டார்கள். பகவதியப்பன் சார் கடையின் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு மறுபடி வயர்லெஸ் பழுது பார்க்கிறார். என்னோடு பேசுவதில்லை.

நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, தேதிகளோடு, நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு மீன்துறை ஆபீஸ் வழியாகத் தூதரகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒப்புக்கொண்ட வழக்கை மறுபடி எடுப்பது கடினம் என்று அங்கே சொன்னார்கள். எடுக்கலாம் என்று நான் உனக்கு எழுதினால் அது மறுபடியும் ஒன்றை மறைப்பதாகும். மூன்று வருஷமும் நீ அங்கே இருக்க நேரலாம்.

நாளையோடு தடை முடிகிறது. மறுநாள் படகுகள் போகும். பெட்டி இருக்கிற படகுகளில் சாயங்காலம் ஐந்து தடவை பொத்தானை அமுக்குவார்கள். வாய் மூடும் நேரத்தை அரை மணி ஆக்கிவிட்டேன், ஒரு அமுக்கே போதும் என்று சொல்லியும் பார்த்தேன். யாரும் கேட்கப்போவதில்லை, கை பழகிவிட்டது.

எனக்கு எழுத வேண்டாம் என்றால் எழுதாதே. நான் மாதாமாதம் எழுதுவேன், முதல் புதன்கிழமைக்குள் வந்து சேரும்படி. இன்று வெள்ளிக்கிழமை. மணி பதினொன்று நாற்பது. தபால் பெட்டியை எடுக்க இரண்டு மணிக்கு வருவார்கள், அதற்குள் கொண்டுபோய்ப் போடுகிறேன். மேலே போட்டிருக்கிற தேதியும் முத்திரையில் விழும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

பிரிஜா